ரிட்டையர் ஆகப்போகிறவர் பக்கத்தில் உட்காருங்கள்

நெய்வேலியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்களா? கேட் தேர்வு மதிப்பெண்ணில் வந்த பயிற்சிப் பொறியாளரோ, ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸோ, ஒப்பந்தத் தொழிலாளியோ, யாராக இருந்தாலும் ஹெல்மெட், பூட்ஸ், கேட் பாஸ் எல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். பேச்சுத்துணையை மட்டும் யாரும் கொண்டுவந்து தரமாட்டார்கள், அதை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். உங்கள் வயதுக்காரர்களிடம் மட்டும் தேடாதீர்கள். செக்‌ஷனில் அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர் யார் என்று விசாரியுங்கள்.

2013-இல் வந்த ‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரித்தேஷ் பத்ரா இயக்கியது. ஆள் மாறிப் போன சாப்பாட்டு டப்பாவில் கடிதம் எழுதிக்கொள்ளும் இருவரின் கதையாகத்தான் பலருக்கும் அது நினைவிருக்கிறது. வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய கதை ஒன்றும் அதற்குள் இருக்கிறது. மும்பையில் ஓர் அரசு அலுவலகம். ஓய்வு பெறப்போகும் சாஜன் பெர்னாண்டஸ் (இர்பான் கான்) மனைவியை இழந்தவர், யாரோடும் ஒட்டாதவர். அவர் இடத்துக்கு வருகிற ஷேக் (நவாசுதீன் சித்திக்) தாய் தகப்பன் இல்லாதவன். வேலையைக் கற்றுக்கொடுக்காமல் சாஜன் நாள் கடத்துகிறார், ஷேக்கும் விடாமல் பின்னாலேயே வருகிறான். ஒரு கட்டத்தில் அவன் செய்த பிழையைச் சாஜன் தன் பிழையென்று ஏற்கிறார். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான் வந்து நிற்கிறார். நம்மூரில் 2003-இல் வந்த ‘அன்பே சிவம்’ படமும் இதே வகைதான்: மழையில் புவனேஸ்வரத்தில் மாட்டிக்கொண்ட விளம்பரப் பட இயக்குநரும் தொழிற்சங்கத் தோழரும். தொடக்கத்தில் முன்னவருக்குப் பின்னவரைக் கண்டாலே ஆகாது.

இந்தக் கதைகள் நடப்பதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊரை நான் காணவில்லை. 1956-இல் இங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். டவுன்ஷிப் முழுக்க வேலைக்காகவே எழுந்தது, அதனால் பிளாக், குவார்ட்டர்ஸ், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாமே நிறுவனத்தைச் சுற்றித்தான். இங்கே ஒருவர் ஓய்வு பெற்றால் சம்பளத்தோடு குவார்ட்டர்ஸையும் விட வேண்டும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். கடைசி ஆண்டில் அவர் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருந்தால், முப்பது ஆண்டு பழகிய தெருவை விட்டுப் போகிற கலக்கமும் அதில் இருக்கலாம். நீங்களோ தெரியாத ஊரில் ஹாஸ்டல் அறையில் படுத்து போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு தனிமையும் ஒரே ஷிப்டில்தான் வேலை பார்க்கின்றன.

அந்தப் பெரியவரிடம் இருக்கும் சரக்கைப் பாருங்கள். இந்த மண்ணில் கடலூர் மணற்பாறை கடினமானது, மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தின் பல்லைத் தேய்த்துவிடும். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். வெட்டிக் குவித்த கரி தானாகவே பற்றிக்கொள்ளும். இவ்வளவும் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். ஐப்பசி மழையில் எந்தச் சரிவு முதலில் வழுக்கும், கன்வேயர் உருளை எந்தச் சத்தம் போட்டால் பேரிங் போகப்போகிறது என்பதையெல்லாம் எந்த மேனுவலிலும் இத்தனை நுணுக்கமாக எழுதிவைக்க முடியாது. அவர் கடைசி நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும்.

எப்படி நெருங்குவது? பொதுவாக “சார், எனக்கு ஏதாவது அட்வைஸ் சொல்லுங்க” என்று நிற்காதீர்கள், யாருக்கும் அதற்குப் பதில் வராது. “அண்ணே, அந்த பெல்ட் அந்த இடத்துல மட்டும் ஏன் ஓரம் போகுது?” என்று ஒரே ஒரு கோளாறைக் கேளுங்கள். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, செய்துபார்த்து, அடுத்த நாள் என்ன ஆயிற்று என்று போய்ச் சொல்லுங்கள். இந்தக் கடைசி வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. அவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வருவது அதில்தான்.

நேரமும் வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெரிந்தவர் ஒருவர் சாதாரண நண்பராக மாறச் சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக மாற 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது. சேர்ந்து வேலை பார்க்கிற நேரத்துக்கு இதில் அவ்வளவு பலன் இல்லை, பேசிக் கழிக்கிற நேரம்தான் கணக்கு. நாளுக்கு அரை மணி சேர்ந்து சாப்பிட்டால் 50 மணி நேரத்துக்கு 100 வேலைநாள், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம். முதல் வாரத்திலேயே ஒட்டவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

வாங்குவதோடு நிறுத்தாமல் கொடுக்கவும் செய்யுங்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்றை ‘ஜீவன் பிரமாண்’ வழியாக, போனில் முகத்தைக் காட்டியே தந்துவிடலாம். அதை அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். ஓ.டி.பி.யை யாருக்கும், உங்களுக்கும்கூட, சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வடலூருக்குப் போய், வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலையில் இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி நடக்கும்போது சேர்ந்து ஒரு சுற்று சுற்றலாம். இதற்கெல்லாம் பெரிய செலவும் இல்லை.

சில எல்லைகளும் உண்டு. உங்களுக்கு மதிப்பீடு எழுதும் அதிகாரியிடம் நட்பு தேடாதீர்கள், இருவருக்குமே சங்கடம். கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம். பிறரைப் பற்றிய புகாரை அவர் காதில் போடாதீர்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால், நாலு பேர் இருக்கிற இடத்திலேயே பழகத் தொடங்குவது நல்லது. யாராவது எல்லை மீறினால், வயதையோ பதவியையோ பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி அமைந்த உள்புகார்க் குழு அதற்காகத்தான் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: நிரந்தரம், ஒப்பந்தம் என்ற கோட்டைத் தாண்டுங்கள். ஒரே பள்ளத்தில் ஒரே தூசியைச் சுவாசிக்கிறவர்கள் சாப்பாட்டு வேளையில் தனித்தனியாக உட்கார்வது எனக்கு வருத்தம் தருகிறது. ஒடிசாவிலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வந்து, தமிழ் தெரியாமல் ஓரமாக நிற்கிறவரையும் கூப்பிடுங்கள். நிறுவனத்துக்கு ஒடிசாவின் தலபிராவிலும் ராஜஸ்தானின் பர்சிங்சரிலும் சுரங்கம் இருக்கிறது. நாளை உங்களுக்கே அங்கே மாற்றல் வரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், உயிர்மேலேயே வெறுப்பு வந்தால் நண்பரிடம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஓய்வை நெருங்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இளைஞன் தானாக வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கூச்சத்தில் அவன் கேட்காமலே இருந்துவிடுவான். கடைசி ஆறு மாதத்தில் உங்கள் செக்‌ஷனில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.