இணையதள நகலில் திருத்தம்: கவனிக்க வேண்டியவை

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமானது. ஸ்ரீகாளஹஸ்தி திருப்பதிக்குப் போனது. காணிப்பாக்கம், குப்பம் சித்தூரிலேயே உள்ளன. பழைய விடுதி, சுற்றுலா இணையதளங்களில் மாவட்டப் பெயரை இதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும்; இத்தகைய திருத்தங்களை நேரடியாகச் செய்யாமல், தனிக் கணினியில் நகல் நிறுவிச் செய்வதே பாதுகாப்பு.

கோப்புகளோடு தரவுத்தளத்தையும் நகலெடுக்க வேண்டும். தெலுங்கும் தமிழும் கலந்த பக்கங்களுக்கு எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 ஆக இருப்பது மிக முக்கியம். தவறினால் எழுத்துகள் கேள்விக்குறிகளாகும், அப்படியே சேமித்துவிட்டால் அந்த நகலிலிருந்து மீட்கவே முடியாது. தரவுத்தளத்தில் பதிந்துள்ள தள முகவரியையும் நகலின் முகவரியாக மாற்ற வேண்டும்.

முன்பதிவுத் தளமானால் பணம் செலுத்தும் இணைப்பைச் சோதனை நிலைக்கு மாற்றி, குறுஞ்செய்தி, மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்துவது அவசியம். இணையத்தில் வைக்கும் நகலுக்குக் கடவுச்சொல் பூட்டு வேண்டும். இல்லையேல் தேடலில் அதைக் காணும் யாத்ரீகர் உண்மைத் தளமென்று நம்பி அறை பதிவு செய்துவிடக்கூடும்.