வேரில் இருக்கிறது பசுமை

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய விளையாட்டரங்கில் ‘கவ் கிராஸ்’ எனப்படும் அகன்ற இலைப் புல் பல ஆண்டுகள் வளர்ந்து வந்தது. 2023ஆம் ஆண்டில் அது அகற்றப்பட்டு, ‘சொய்சியா’ வகைப் புல் பதிக்கப்பட்டது. இரண்டும் பச்சைப் புற்கள்தாமே? பிறகு ஏன் இந்த மாற்றம்?

கவ் கிராஸ், சொய்சியா, அறுகம்புல் ஆகிய மூன்றும் வெப்பத்தை விரும்பும் புற்கள். ஏறத்தாழ 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இவை செழித்து வளரும். எனினும், இவற்றின் இயல்புகள் வேறுபடுகின்றன. கவ் கிராஸ் மர நிழலிலும் வளரும். ஆனால், தரைமேல் ஓடும் தண்டுகளால்தான் அது பரவுகிறது. சொய்சியாவும் அறுகும் மண்ணுக்கடியிலும் தண்டுகளைச் செலுத்துகின்றன. ஆகவே, காலணிகள் மேற்பரப்பைக் கிழித்தாலும் அவை அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி’ என மணமக்களை வாழ்த்தும் மரபு, அறுகின் இவ்வுறுதியையே நினைவூட்டுகிறது.

நல்ல புல்லைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது; வேரைக் காக்கும் பராமரிப்பும் தேவை. புல்லை வெட்டும்போது அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. இலைகளே புல்லுக்கு உணவு தயாரிக்கின்றன. அவற்றை ஒட்ட வெட்டினால், புல் தன் சேமிப்பைச் செலவழித்துப் புதிய இலைகளை விடும். வேரின் வளர்ச்சி குன்றும்.

நீர் பாய்ச்சுவதிலும் கவனம் வேண்டும். நாள்தோறும் சிறிதளவு தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் அங்கேயே தங்கிவிடும். மழையில்லாத நாள்களில், இடைவெளி விட்டு, காலையில் மண் ஆழமாக நனையும்படி பாய்ச்சுவதே நல்லது. அப்போது வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும்.

வேருக்குக் காற்றும் தேவை. மழையில் ஊறிய திடலில் தொடர்ந்து விளையாடினால் மண் இறுகிவிடும். காற்றும் நீரும் உள்ளே செல்லா. பள்ளித் திடல்களில் கோல் கம்பத்தின் முன்புறம் வழுக்கையாகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்விடத்தில் முள்கரண்டி போன்ற கருவியால் துளையிட்டு, மணல் தூவி, புல் பதித்து, கயிறு கட்டிச் சில வாரங்கள் ஓய்வளிக்க வேண்டும்.

அந்தச் சில வாரங்கள் விளையாட்டை விரும்பும் மாணவர்களுக்கு நீண்டதாகத் தோன்றலாம். ஆனால், ஓய்வே இல்லாத திடல் மழைக்காலத்தில் சேறாகவும் வெயில்காலத்தில் கட்டாந்தரையாகவும் மாறிவிடும். கயிற்றைத் தாண்டாமல் காத்திருப்பதும் திடலைப் பராமரிக்கும் பணிதான்.