சிறு கொல்லுலைகளில் விசைச் சம்மட்டிக்கு இடம் செய்தல்

ஆடி மாதத்து மழை விழுந்தவுடன் குடியானவர்கள் கொல்லுலையை நாடி வருவது தொன்றுதொட்ட வழக்கம். இன்று ஏர்க்கொழுவுக்குப் பதிலாகப் பெரும்பாலும் டிராக்டர் கலப்பையின் முனைகளே வருகின்றன. அவசரம் மட்டும் மாறவில்லை. மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள், கடப்பாரை ஆகியவையும் உடன் வந்து சேர்கின்றன. உலையும் பட்டடைக்கல்லும் குறைவற இருந்தும், எதிரே நின்று சம்மட்டி அடிக்க ஆளின்மையால், கனத்த வேலையைத் திருப்பி அனுப்பும் கொல்லர்கள் பலர். முன்பு மகனோ மருமகனோ அப்பணியைச் செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் வேறு தொழில் தேடிப் போயினர். ஈரம் காயுமுன் உழவேண்டியவன் முறிந்த முனையுடன் பட்டணத்துக்கு அலைவதால், கொல்லருக்குக் கூலி நஷ்டம். உழவனுக்கோ பருவமே நஷ்டம்.

இக்குறையை நீக்க வல்லது விசைச் சம்மட்டி. இது புதிய பொருளன்று. இங்கிலாந்தில் ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர் 1839-ம் ஆண்டில், ‘கிரேட் பிரிட்டன்’ என்னும் கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்குரிய பெருந்தண்டை அடிக்கவேண்டி நீராவிச் சம்மட்டி ஒன்றுக்குப் படம் வரைந்தார். பின்னர் அக்கப்பலுக்குத் துடுப்புச் சக்கரமே வேண்டாமென்று முடிவாகித் தண்டு செய்யப்படவில்லை. சம்மட்டி மட்டும் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து மான்கேட்டோ நகரில் உண்டான ‘லிட்டில் ஜயண்ட்’ என்னும் சம்மட்டிகளுள் 25, 50 ராத்தல் அளவுள்ளவை, அந்நாட்டுக் கிராமக் கொல்லர்களுக்குக் கலப்பைக் கொழு நீட்டவே பெரிதும் பயன்பட்டன. நம் நாட்டில் லாரி வில்லுப்பட்டையின் விசையால் அடிப்பவையும், காற்றழுத்தத்தால் அடிப்பவையும் உள்ளன. இவற்றின் அளவாகச் சொல்லப்படுவது அடிக்கும் தலையின் எடையேயன்றி, இயந்திரம் முழுவதன் எடையன்று. இதை அறியாமல் ‘15 கிலோ’ என்றதைக் கேட்டு, அதனை இருவர் தூக்கிவரலாமென்று எண்ணியவர்களும் உண்டு.

கிராமத்துப் பட்டறைக்கு 15 முதல் 25 கிலோ வரை தலையெடை போதுமானது. காற்றழுத்த வகையாயின் 2 அல்லது 3 குதிரைசக்தி மோட்டார் வேண்டும். பாசனத்துக்கென வழங்கப்படும் மின்சாரத்தைப் பட்டறைக்கு இழுப்பது குற்றமாகும். தொழிலுக்கெனத் தனி இணைப்புப் பெறுதல் அவசியம்.

இனிக் கவனிக்கவேண்டியது இடம். பட்டறை சிறிது என்பதற்காகவே இச்சம்மட்டியை வேண்டாமென்று விடுவோர் சிலர். இடத்தை ஆராயாமல் வாங்கிவிட்டுத் திண்ணையில் துருப்பிடிக்க விடுவோர் வேறு சிலர். இருசாராரும் இயந்திரம் நிற்கும் தரையை மட்டுமே அளக்கின்றனர். அதற்கு 2 அடி அகலமும் 3 அடி நீளமும் ஏறக்குறையப் போதும். ஆனால் உண்மையில் இடத்தை விழுங்குவது இயந்திரமன்று, அதில் அடிக்கப்படும் பொருளேயாகும். 5 அடிக் கடப்பாரையின் நுனி அச்சின்மேல் இருக்கும்போது மறு நுனி 5 அடி தள்ளி நிற்கும். அதைப் பிடிப்பவர் நின்று திரும்ப மேலும் 2 அடி தேவை. இயந்திரத்தின் பின்புறம் வார்ப்பட்டையை இறுக்கவும் எண்ணெய் விடவும் ஓர் ஆள் நுழைய ஒன்றரை அடியாவது விடவேண்டும். சுவரோடு ஒட்டிவைத்து இடத்தை மிச்சம் பிடிப்பவர், முதன்முறை வார் தளர்ந்த அன்றே வருந்துவர்.

எடுத்துக்காட்டாக, 12 அடி அகலமும் 16 அடி நீளமுமுள்ள பட்டறையைக் கொள்வோம். சம்மட்டியை அகலவாட்டில் நிறுத்தினால் மேற்சொன்ன கணக்குப்படி பதினொன்றரை அடி போய்விடும். எஞ்சிய அரை அடியில் எவரும் நடக்க இயலாது. நீளவாட்டில் நிறுத்தினால் நாலரை அடி மிகும். பக்கங்களில் உலைக்கும் பட்டடைக்கும் இடம் உண்டாகும். கம்பியின் நடுப்பாகத்தை அடிக்கும்போது அது இருபுறமும் நீளுமாதலால், அச்சின் உயரத்துக்கு நேரே பக்கச் சுவரில் ஓரடிச் சதுரமாக ஒரு துவாரம் விட்டுத் தகரக் கதவு போட்டுக்கொள்வது நல்ல உபாயம். காய்ந்த இரும்பு வெளியே நீளும் இடத்தில் குழந்தைகள் செல்லாதபடி வேலி அவசியம். அச்சுகள் உடலுக்குக் கோணலாக அமைந்த சம்மட்டியானால் நெடுக்கிலும் குறுக்கிலும் பொருளைச் செலுத்தலாம். வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்க.

உலைக்கும் சம்மட்டிக்கும் இடையே இரண்டு எட்டுக்குமேல் இருத்தலாகாது. அரிவாளின் மெல்லிய வாய்ப்புறம் வெகு விரைவில் ஆறிவிடும். லாரிப் பட்டையால் செய்யும் அரிவாளைச் செந்நிறம் மங்கியபின் அடித்தால் வெடிப்பு விழும். அவ்வெடிப்புச் சில சமயம் வயலில்தான் வெளிப்படும். உலை, சம்மட்டி, பட்டடை மூன்றும் முக்கோணமாக அமைந்து, கொல்லர் நடவாமல் திரும்பினாலே போதும் என்ற நிலை இருக்கவேண்டும். கால்மிதி இயந்திரத்தின் அடியைச் சுற்றி வளைந்திருப்பின் மூன்று பக்கத்திலிருந்தும் மிதிக்கலாம். துண்டு இரும்பு விழுந்து சம்மட்டி தானே ஓடாதபடி மிதியின்மேல் ஒரு மூடி வேண்டும்.

அச்சுக்கு நேரே எவரையும் நிற்க விடலாகாது. காத்திருக்கும் குடியானவர்கள் வேடிக்கை பார்க்க நெருங்குவது இயல்பு. அவர்களுக்கு வெளியே ஒரு பெஞ்சு போட்டுவிடுவது நலம். சூடான செதில்கள் பறக்குமாதலால் கூரை ஓலையாக இருக்கக்கூடாது. கொல்லர் காதுக்குப் பஞ்சு வைப்பது போதாது. காதுறை அணிதல் வேண்டும்.

வாங்குமுன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தரையில் சுண்ணாம்புப் பொடியால் இயந்திரத்தின் உருவத்தை வரைந்து, அச்சின் இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை நிறுத்துக. உலையிலிருந்து இரும்பை எடுப்பதுபோல் ஆறின கடப்பாரையை எடுத்து, அக்கட்டையின்மேல் வைத்துத் திருப்பி, மீண்டும் உலைக்குக் கொண்டுசெல்க. இவ்வாறு இரண்டு நாள் செய்து பார்த்தால், எங்கே முழங்கை சுவரில் படும், எங்கே நுனி கூரையில் இடிக்கும் என்பது தெரிந்துவிடும். கோட்டை அழித்து வரைவது எளிது. கான்கிரீட்டைப் பெயர்ப்பது எளிதன்று.

அஸ்திவாரம் சுவரின் அஸ்திவாரத்தோடு சேரலாகாது. சேர்ந்தால் மண்சுவர் வெடிக்கும், ஓடுகள் நழுவும். கெட்டி மண் வரை குழி வெட்டிக் கான்கிரீட் போட்டு, சுற்றிலும் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் மணல் நிரப்பி, இயந்திரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே கனத்த பலகை வைப்பது முறை. கரிசல் மண்ணில் வெடிப்பு எட்டாத ஆழம் வரை போகவேண்டும். கான்கிரீட் முழுப்பலம் பெற 28 நாட்கள் ஆகுமாதலால், ஆடி உழவுக்குச் சம்மட்டி ஓடவேண்டுமென்று விரும்புவோர் சித்திரையிலேயே குழியை வெட்டிவிட வேண்டும்.