தலையில் காற்றாடி வைத்த விமானம்

பனை ஓலையில் காற்றாடி செய்து, முள்ளில் குத்தி, கையில் பிடித்து ஓடியிருப்பீர்கள். நாயுடுபேட்டையில் சொர்ணமுகி ஆற்று மணலில் ஓடாத பிள்ளைகள் உண்டா? ஓடினால் காற்றாடி சுற்றும். நின்றால் நின்றுவிடும். அதைச் சுற்றுவது நம் கை அல்ல, காற்று.

இதே காற்றாடியைப் பெரிதாகச் செய்து, படுக்க வைத்து, விமானத்தின் தலையில் பொருத்தினார் ஒருவர். அவர் பெயர் ஹுவான் டி லா சியர்வா. ஸ்பெயின் நாட்டுக்காரர். 1919-ஆம் ஆண்டு அவர் செய்த பெரிய விமானம் ஒன்று, வேகம் குறைந்ததும் விழுந்து நொறுங்கியது. வேகம் குறைந்தால் விமானத்தின் இறக்கைக்குத் தாங்கும் சக்தி போய்விடும். இறக்கையே சுற்றிக்கொண்டிருந்தால் விழாதே என்று அவர் நினைத்தார்.

அந்த விமானத்துக்கு ஆட்டோஜைரோ என்று பெயர். முன்னால் உள்ள எஞ்சின் அதை இழுத்துச் செல்லும். தலைமேல் உள்ள காற்றாடியை எதிர்க்காற்று சுற்றும். ஹெலிகாப்டரில் அப்படி இல்லை. அங்கே மேல் காற்றாடியை எஞ்சினே சுற்றும்.

முதலில் செய்த மூன்றும் சரியாகப் பறக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தன. ஏன்? எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். காற்று முகத்தில் அறையும். திரும்பி வரும்போது காற்றே தெரியாது. சுற்றும் இறக்கைக்கும் இதே கதைதான். முன்னே வரும் இறக்கை அதிகக் காற்றை வாங்கி அதிகமாகத் தூக்கும். பின்னே போகும் இறக்கை குறைவாகத் தூக்கும். அப்புறம் சாயாமல் என்ன செய்யும்?

சியர்வா கண்ட வழி நம் வீட்டுக் கதவிலேயே இருக்கிறது. ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். அதிகக் காற்று வாங்கும் இறக்கை சற்று மேலே எழும். எழும்போது அதன் தூக்கும் பலம் குறையும். மறுபக்க இறக்கை தாழும். அதன் பலம் கூடும். இரு பக்கமும் சமமாகிவிடும்.

நான்காவது விமானத்தில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். 1923 ஜனவரியில் மாட்ரிட் நகருக்கு அருகே கோமெஸ் ஸ்பென்சர் என்பவர் அதை ஓட்டினார். பறந்தது! சில நாளில் இன்னொரு முறை ஏறினார். மூக்கைத் தூக்கியபடி மேலே போகையில் எஞ்சின் நின்றுவிட்டது. உயரம் ஒரு பனைமரம்கூட இருக்காது. வேறு விமானமாக இருந்தால் மூக்கு குத்தி விழுந்திருக்கும். இது மெல்ல இறங்கியது. இறங்கும்போது கீழிருந்து வந்த காற்றே காற்றாடியைச் சுற்றியது. ஸ்பென்சருக்குக் காயம் இல்லை.

இன்றும் எஞ்சின் நின்ற ஹெலிகாப்டரை விமானி இப்படித்தான் இறக்குகிறார்.

சியர்வா 1936 டிசம்பரில், 41 வயதில், லண்டன் அருகே நடந்த விபத்தில் இறந்தார். அன்று அவர் ஏறியிருந்தது சாதாரணப் பயணிகள் விமானம்.