கடன் வாங்குமுன் காப்பீடு: குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வழிகாட்டல்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில் ஓர் உழவர் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு, நான்கு வயது மகளின் இதயத்தில் துளை இருக்கலாம் என ஐயுறுகிறது. பரிசோதனையும் அதனை உறுதிசெய்கிறது. அறுவைச் சிகிச்சை என்றதும் தந்தையின் எண்ணம் அடகுக் கடைக்கும் விளைநிலத்துக்கும் ஓடுகிறது. தாயோ, அறுவடை முடியட்டும் என்கிறார்.

இரண்டுமே தீங்கு தரக்கூடியவை. சிறு துளைகள் சில தாமாகவே மூடிக்கொள்ளும். ஆனால் பெரிய துளையைக் கவனியாது விட்டால், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, பின்னர் அறுவைச் சிகிச்சையே இயலாமற் போகலாம். எனவே மருத்துவர் குறித்த காலத்தைத் தள்ளிப்போடலாகாது.

2012 சனவரியில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018 முதல் நடுவண் அரசின் திட்டத்துடன் இணைந்து நடைபெறுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறலாம்.

செய்ய வேண்டியவை:

1. குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் உடனே சேர்த்திடுங்கள்.

2. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.

3. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யுங்கள்.

4. மருத்துவமனை இத்திட்டத்தில் உள்ளதா, இச்சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டறியுங்கள். ஐயங்களுக்கு 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

5. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் பெறப்பட்டதா என உறுதிசெய்யுங்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான திட்டம். முதலில் கட்டிவிட்டுப் பின்னர் பெற்றுக்கொள்ளலாம் என எண்ணிக் கடன் வாங்காதீர்கள்.

காப்பீட்டில் அடங்காத செலவு இருப்பின், பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். இதய அறுவைச் சிகிச்சைக்கு அந்நிதி பகுதி உதவி அளிக்கிறது. அவ்விண்ணப்பத்தையும் சிகிச்சைக்கு முன்பே அனுப்புதல் நன்று.

குழந்தைக்கு மூச்சுத்திணறலோ, உதடு நீலமாதலோ கண்டால் தாள்களுக்காகக் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள். ஆவணங்களை உறவினர் ஒருவர் பின்னர் கொண்டுவரலாம்.

உதவி கேட்பது இரத்தல் அன்று. அது உங்கள் குழந்தைக்குரிய உரிமை. நிலமும் நிலைக்கட்டும், குழந்தையும் நலம் பெறட்டும்.