இறங்கா விரை: பெற்றோர் அறிய வேண்டுவன

இக்கட்டுரையை எழுதுவோன் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டரேயன்றி வைத்தியன் அல்லன். ஆயினும் சங்க அலுவலாக முத்துப்பேட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குச் செல்லும்போது, வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்கிவிட்டுச் சங்கத் தவணையைச் செலுத்த இயலாது வருந்தும் அங்கத்தினர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். காலத்தில் கவனித்திருந்தால் அவற்றுட் சில சிறு செலவோடு முடிந்திருக்கும். அத்தகைய விஷயம் ஒன்று என் வீட்டிலேயே நேர்ந்தது. வெட்கத்தினால் மறைக்கப்படும் விஷயமாதலால், அதனைத் தெளிவாகக் கூறுவது கடமையென எண்ணுகிறேன்.

1. இது யாது?

ஆண் சிசுவின் விரைகள் முதலில் அடிவயிற்றினுள் உண்டாகின்றன. பிறப்பதற்கு முன் அவை தொடை இடுக்கின் வழியாக விரைப்பைக்குள் இறங்குகின்றன. சிலருக்கு ஒன்றேனும் இரண்டுமேனும் வழியில் தங்கிவிடும். மாதம் நிறைந்து பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இவ்விதம் நேர்கிறது. குறைமாதத்தில் பிறந்தோருக்கு இன்னும் மிகுதி. முதற் சில மாதங்களில் பலருக்குத் தானே இறங்கிவிடும். 6 மாதம் கடந்தபின் அவ்வாறு இறங்குவது அரிது. தாய் கிரகணத்தில் வெளிவந்ததாலோ, குழந்தையைத் தூளியிற் கிடத்தியதாலோ இது வருவதன்று. எவர்மீதும் பழி கூற இடமில்லை.

2. ஏன் கவனிக்க வேண்டும்?

விரைப்பையின் சூடு உடம்பின் உட்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி வரை குறைவு. உள்ளே தங்கிய விரை அந்த அதிகச் சூட்டினால் நாளடைவில் கெடும்; பிற்காலத்தில் சந்தான பாக்கியத்திற்கும் குறை நேரலாம். கூடவே குடலிறக்கம் இருப்பதும், விரை முறுக்கிக்கொள்வதும் உண்டு. வாலிபத்தில் அவ்விடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவரைவிட அதிகம். ஸ்வீடன் தேசத்தில் இச்சிகிச்சை பெற்ற சுமார் 17,000 பேரை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, 13 வயதிற்கு முன் சிகிச்சை பெற்றோருக்கு அவ்வபாயம் பொது ஜனங்களைப்போல் இரு மடங்கிற்குச் சற்று மேல். பின்னர் பெற்றோருக்கோ ஐந்து மடங்கிற்கு மேல்.

ஆதலின் 6 மாதத்திலிருந்து 18 மாதத்திற்குள் சிகிச்சையை முடிப்பதே தக்கது என்பது இன்றைய வைத்தியர்களின் கொள்கை. நாற்றங்காலில் வயது முற்றிய நாற்று, எவ்வளவு எரு இட்டாலும் நன்கு தூர் கட்டாது என்பதை நம் விவசாயிகள் அறிவார்கள். இங்கும் பருவமே பிரதானம்.

3. கண்டறியும் விதம்

குழந்தையை வெந்நீரில் குளிப்பாட்டியபின் கவனித்தால் இரு பக்கமும் விரை இருப்பது தெரியும். குளிரில் மேலேறி வெந்நீரில் தானே இறங்குவதாயின் பெரும்பாலும் சிகிச்சை வேண்டா. ஆயினும் ஆண்டுதோறும் வைத்தியரிடம் காட்டுக. பிறந்த சிசுவுக்கு இரண்டுமே தென்படாவிடில் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. எண்ணெய் நீவுதல், மந்திரித்தல் இவற்றால் விரை இறங்காது.

4. எங்கள் அநுபவம்

என் மகனுக்கு வலப்பக்க விரை இல்லையென்பதைத் தடுப்பூசி போட்ட கிராம சுகாதாரச் செவிலியரே முதலிற் கண்டு, 6 மாதம் ஆனதும் ஆஸ்பத்திரிக்குச் செல்லச் சொன்னார். என் தாயார், "தானே இறங்கும், பச்சைக் குழந்தையைக் கத்திக்குக் கொடுப்பதா?" என்றார். நானோ ஊரார் அறிவார்களே என்று நாணி நாட்களைக் கடத்தினேன். ஊராருக்குச் சிக்கனமும் முன்யோசனையும் உபதேசிப்பவன் சொந்த வீட்டில் சோம்பியிருந்தேன். என் மனைவியின் பிடிவாதத்தால் 17-ஆம் மாதத்தில் சென்றோம்.

வைத்தியர் கையினால் தடவிப் பார்த்துத் தொடை இடுக்கில் விரை இருப்பதைக் கண்டார். சிகிச்சைக்கு முன் 6 மணி நேரம் ஆகாரமும் பசும்பாலும், 4 மணி நேரம் தாய்ப்பாலும் கூடாதென்றார். பசியால் அழும் குழந்தையை வைத்துக்கொண்டிருந்த அந்நேரமே மிகக் கடினமானது. மயக்க மருந்து கொடுத்து, தொடை இடுக்கிற் சிறு கீறலிட்டு, விரையை விடுவித்து, பையில் இறக்கித் தைத்தனர். ஒரு மணி நேரத்திற்குள் முடிந்தது. அன்று மாலையே வீடு திரும்பினோம். மறுநாள் அவன் திண்ணையில் ஓட முயன்றான். தடுப்பதே எங்களுக்குப் பெரும்பாடாயிற்று.

5. பின்னர்ச் செய்ய வேண்டுவன

(அ) வைத்தியர் குறித்த அளவிலேயே வலி மருந்து கொடுக்க வேண்டும்.
(ஆ) இரண்டு வாரம் குழந்தையைக் கால் பரப்பி இடுப்பில் வைத்தலும், மூன்று சக்கர வண்டியில் ஏற்றுதலும் கூடா.
(இ) காயத்தின்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய் ஒன்றும் இடலாகாது.
(ஈ) ஜுரம், சீழ், இரத்தக் கசிவு, மிகுந்த வீக்கம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்க.
(உ) குறித்த நாளில் மறுபரிசோதனைக்குத் தவறாது காட்டுக.

6. செலவு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்திற் காட்டி, அவர்கள் கூறும் இடத்திற்குச் செல்லலாம். முத்துப்பேட்டையார்க்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரிகள் 2010-இல் ஏற்பட்ட திருவாரூர்க் கல்லூரியும், 1959-இல் ஏற்பட்ட தஞ்சாவூர்க் கல்லூரியுமாம். பஸ் கட்டணமும் சில நாட் கூலி இழப்புமே நம் செலவு. நடவு, அறுவடை நாட்களுக்கு முன்பே தேதி கேட்டுக்கொள்வது நலம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைச் சங்கப் பாஸ் புத்தகத்தோடு பத்திரப்படுத்தியிருக்கிறேன். மகன் பிராயமடைந்ததும் அதனைக் காட்டி, மாதந்தோறும் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளவும், கட்டி தென்பட்டால் நாணாது வைத்தியரிடம் செல்லவும் சொல்ல வேண்டும். நான் நாணியதுபோல் அவன் நாணலாகாது.