முதலில் வயிறு, பிறகு வாய்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய டிராகன் வடிவக் கம்ப்யூட்டர் பெட்டியின் படத்தில் முகம் நன்றாக வந்திருக்கிறது. கொம்பின் வளைவிலும் புருவ மேட்டிலும் வாயோரச் சுருக்கத்திலும் கைவாகு தெரிகிறது. ஆனால் மதர்போர்டு எங்கே உட்காரும், பவர் சப்ளை எந்தப் பக்கம் வரும், காற்று எந்த வழியாக நுழைந்து எந்த வழியாகப் போகும் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. அந்தப் படத்தை எடுத்து வைத்துவிட்டு முதலில் ஒரு பெட்டியை வரை. கொம்புக்கு அவசரமில்லை.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்குகிறவன் முன்மாதிரி தேடி வெளிநாட்டு வீடியோக்களில் அலைய வேண்டியதில்லை. பதினைந்து கிலோமீட்டர் தூரத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. 1799 மே மாதம் கோட்டை விழுந்தபோது திப்புவின் அரண்மனையிலிருந்து ஆங்கிலேயர் தூக்கிக்கொண்டு போன மரப்புலி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெள்ளைக்காரன் ஒருவனைக் கீழே தள்ளி அவன்மேல் ஏறி நிற்கும் புலி. நீளம் சுமார் ஒன்றே முக்கால் மீட்டர். வெளியே வண்ணம் பூசிய மரத்தோல், உள்ளே துருத்தியும் குழல்களும். கைப்பிடியைச் சுழற்றினால் கிடப்பவனின் கை மேலும் கீழும் ஆடும், அவன் ஓலமிடுவான், புலி உறுமும். விலாப்பக்கத்து மூடியைத் திறந்தால் வாசிப்பதற்கு வரிசையாகப் பொத்தான்கள். எல்லோரும் உறுமலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: நாலு திருகைக் கழற்றினால் புலியின் மேல்பகுதி அப்படியே கையோடு வந்துவிடும். இருநூறு வருஷத்துக்கு மேலாக அதைப் பழுதுபார்க்க முடிகிறது என்றால் உள்ளே கை போகிறது என்பதும் ஒரு காரணம்.

உன் டிராகனும் அப்படித் திறக்க வேண்டும். ரேம் மாற்ற வருகிறவன் கையில் ஸ்க்ரூடிரைவர்தான் இருக்கும், ரம்பம் இருக்காது. இறக்கைகளைப் பக்கப் பலகையின் குறுக்கே வரைந்திருக்கிறாய். அங்கேதான் பெட்டி திறக்கும். ஒன்று, இறக்கை பலகையோடு சேர்ந்து கழன்று வரட்டும். இல்லையென்றால் இறக்கையே வேண்டாம். நம் யாளிகள் இறக்கை இல்லாமலே மிரட்டுகின்றன.

அளவுகளை மனப்பாடம் செய்துகொள். ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பவர் சப்ளையின் முகம் 150 × 86. நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையில் வாங்கி அளந்து பார். 120 மிமீ விசிறிக்குத் திருகுத் துளைகளின் இடைவெளி 105. கிராபிக்ஸ் கார்டின் நீளத்தை அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்து எழுதாதே; மின்வயர் செருகி வளையும் இடத்தையும் சேர்த்து அளந்து எழுது. பிறகு எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜ் வந்த அட்டையில் வெட்டி ஒட்டி, பாகங்களை உள்ளே வைத்துப் பார். அட்டையில் இடிப்பது பிளைவுட்டிலும் இடிக்கும்.

இனி மூச்சு. உன் படத்தில் டிராகன் மேஜைமேல் வயிற்றை அழுத்திப் படுத்திருக்கிறது. வாய் உட்காருகிறவன் முகத்துக்கு நேராகத் திறந்திருக்கிறது. நெருப்பு கக்கும் மிருகம் என்பதால் வாய்வழியாகச் சூடு வெளியேறட்டும் என்று நினைத்திருப்பாய். நினைப்பில் தப்பில்லை, வாய் இருக்கும் இடம்தான் தப்பு. ஏப்ரல் மாதம் அந்தச் சூட்டை முகத்தில் வாங்கிக்கொண்டு யாரும் வேலை செய்ய மாட்டார்கள். வயிற்றைத் தூக்கு. நாலு கால்களையும் குறைந்தது 40 மிமீ உயரமாக்கி அடிவயிற்றில் காற்று இழுக்கும் விசிறிகளைப் பொருத்து. தலையைப் பெட்டியின் மேல்பின் மூலைக்குக் கொண்டுபோய் வானம் பார்க்க வை. சூடான காற்று வாய்வழியாக மேலே போகட்டும். மிருகத்தின் வாயை வடிகாலாக்குவது நமக்குப் புதிதல்ல. கருவறையின் அபிஷேக நீர் வெளியேறும் கோமுகையை மகர வாயாகவும் சிங்க முகமாகவும் செதுக்கி வைத்தார்களே, அவர்களும் வழியை முடிவு செய்துவிட்டுத்தான் முகத்தைச் செதுக்கியிருப்பார்கள்.

பற்களில் ஒரு கணக்கு இருக்கிறது. வாய்க்குப் பின்னால் வரும் 120 மிமீ விசிறியின் வட்டப்பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர். பல்லிடுக்குகளின் மொத்தத் திறப்பு அதைவிடக் குறைந்தால் விசிறி திணறும், சத்தமும் போடும். பல்லின் எண்ணிக்கையைக் குறைத்து நீளத்தைக் கூட்டு. பார்க்கவும் அதுதான் பயங்கரம்.

முகத்துக்கு மாதிரி வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமநாதபுரம் போய் வா. 1258இல் எழுந்த கேசவர் கோயிலின் அடிச்சுவரில் யானை வரிசை, குதிரைவீரர் வரிசை என்று அடுக்கிக்கொண்டு போய் மேலே ஒரு மகர வரிசை ஓடுகிறது. சுருண்ட துதிக்கை, பிளந்த வாய், பின்னால் மயில்தோகை மாதிரி வால். இணையத்தில் இறக்கிய டிராகனை ஆயிரம் பேர் செய்துவிட்டார்கள். கண்டபேரண்டப் பறவையையும் யோசித்துப் பார். இரண்டு தலை, இரண்டு வழி. ஆனால் மைசூரில் அது பஸ்ஸிலும் அலுவலகப் பலகையிலும் தென்படுகிற சின்னம். வாங்குகிறவருக்கு அலுத்திருக்கலாம்.

மரவேலைக்கு வருவோம். போர்டைப் பலகையில் நேராகத் திருகாதே. பழைய இரும்புக் கடையில் உடைந்த கேபினட் ஒன்றை வாங்கி, போர்டு உட்காரும் தகட்டை அப்படியே வெட்டி எடுத்து உன் பெட்டிக்குள் பொருத்து. துளைகள் சரியாக இருக்கும், மரத்தால் தர முடியாத எர்த்தும் கிடைக்கும். பவர் சப்ளையின் உடல் அந்தத் தகட்டைத் தொட்டு நிற்கட்டும். சட்டத்துக்கு 12 மிமீ பிளைவுட் போதும். எம்டிஎஃப் செதுக்கச் சுகம்தான், ஆனால் ஈரம் பட்டால் உப்பும். அறுக்கும்போது தூசி நெஞ்சை அடைக்கும், முகமூடி இல்லாமல் தொடாதே.

செதில்தான் நாளைத் தின்கிற வேலை. வால்நுனியில் தொடங்கித் தலையை நோக்கி வா. ஓடு வேய்வது போல ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் வேரை மூடிக்கொண்டு வரும். தலையிலிருந்து தொடங்கினால் எல்லா ஒட்டும் வெளியே தெரியும். இவிஏ ஃபோம் வெட்டச் சுலபம், சூடு காட்டினால் வளையும். அதனாலேயே சூடான காற்று வெளியேறும் வாயருகே அது கூடாது. க்ளூ கன் பசையும் அங்கே இளகிப்போகும். வாயைச் சுற்றி மரமும் எம்-சீலும் மட்டும். செதிலின் மேடு தாழ்வாகவே இருக்கட்டும். மைசூர் ஓவியத்தில் தங்கத் தாளுக்கு அடியில் எழுப்பும் மேடு தஞ்சாவூர் ஓவியத்தைவிடத் தணிந்தது. தணிந்ததனால் அழகு குறைந்துவிடவில்லை. மேடு உயர்ந்தால் சந்தில் தூசி ஏறும். உங்கள் தெருத் தூசியும் வீட்டு ஊதுபத்திப் புகையும் சேர்ந்தால் ஒரே மாதத்தில் டிராகன் கிழடாகிவிடும். அடிவயிற்று விசிறிக்குக் கழற்றிக் கழுவக்கூடிய வலை போட மறக்காதே.

கண்ணுக்கும் கோரைப்பல்லுக்கும் ரோஸ்வுட் இன்லே வேலையைப் பார்த்துவிட்டு வா. சயாஜிராவ் சாலை காவேரி எம்போரியத்தில் நின்று ஒரு யானைப் பலகையை உற்றுப்பார்: மெல்லிய துண்டை வளைரம்பத்தால் அறுத்து, அதே கோட்டில் அடிப்பலகையைக் குடைந்து, துண்டை இறக்கிப் பசையிட்டு, மிஞ்சிய இடுக்கை மரத்தூளால் அடைத்து இழைத்திருப்பார்கள். நிறமெல்லாம் பெரும்பாலும் மரத்தின் சொந்த நிறம். முன்பு தந்தம் பதித்த இடத்தில் தடைக்குப் பிறகு வெள்ளைப் பிளாஸ்டிக் வந்துவிட்டது. உன் டிராகனின் கண் வெள்ளைக்கு அதுவே போதும்; பல் வாயருகே வருவதால் அதற்கு மரமே. ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்தை வாங்கினால் ரசீதோடு வாங்கு. அந்த மரத்தின் பேரினம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டு ஆர்டர் வந்தால் விசாரித்துவிட்டு அனுப்பு. அதன் தூளும் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும்.

விலை சொல்லும்போது செதில் வேலையின் நாட்களைக் கூலியாகக் கணக்கிட்டுச் சொல். பாகங்களின் விலையோடு ஏதோ கொஞ்சம் சேர்த்துச் சொல்வது உன் வயதுப் பையன்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். அப்படிச் சொல்லித்தான் நல்ல கைகள் இந்த வேலையை விட்டுப் போகின்றன.

வண்ணம் பூசுவதற்கு முன்னால் ஒரு சோதனை. தோல் மாட்டாமல் வெறும் பெட்டியாக ஒரு மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஓட்டி, பிராசஸர் சூட்டையும் கிராபிக்ஸ் கார்டு சூட்டையும் குறித்துக்கொள். பிறகு தோலை மாட்டி, அதே அறையில், அதே வேலையைக் கொடுத்து ஓட்டு. 5 டிகிரிக்கு மேல் ஏறினால் அடிவயிற்றுத் துளையைப் பெரிதாக்கு. அப்போதும் இறங்காவிட்டால் பல்லில் ஒன்றிரண்டைப் பிடுங்கு. இரண்டு கணக்கையும் எனக்கு எழுது, வண்ணத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்